கல்மரத்துக்குப் பின்பாட்டு

சென்னைப் பட்டணத்துக்கு முதல் தடவையாகப் போய்வந்தவரைப் பார்த்து அந்த நாளில் ஊரார் கேட்கும் கேள்வி இரண்டே இரண்டுதான். "செத்த காலேஜ் பார்த்தாயா? உயிர் காலேஜ் பார்த்தாயா?" எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர், மிருகக் காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். இந்தப் பெயர்கள் வேடிக்கைக்காக வைத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். 1851-ல் அந்த மியூசியம் ஆரம்பமானபோது அது நுங்கம்பாக்கத்தில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான் இருந்தது. அதன் பொறுப்பாளராக இருந்த டாக்டர் எட்வர்ட் பால்பர், செத்துப் பாடம் செய்த பிராணிகளோடு உயிருள்ள பிராணிகளையும் சேர்த்து வளர்க்க ஆரம்பித்தார். 1855-ல் தொடங்கிய அந்த மிருகக் கூட்டம்தான் இடம் மாறி மாறி, கடைசியில் 1985-ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் பார்த்தார்கள், உயிரோடு இருப்பது ஒரு காலேஜ், செத்தது ஒரு காலேஜ் என்று பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள்.

காலேஜ் என்றால் வாத்தியார் வேண்டாமா? அதுதான் வெகுகாலம் இல்லை. காணும் பொங்கலன்று ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த ஜனங்கள் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு எதிரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பக்கத்தில் இருந்த சீட்டு இங்கிலீஷில் இருந்தால் அவர்களுக்கு என்ன பிரயோசனம்? கூட்டத்தில் கொஞ்சம் விஷயம் தெரிந்த மாமா ஒருவர் இருப்பார். அவர் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து ஒரு பிரசங்கம் செய்வார். இப்படிப்பட்ட மாமாக்களின் வேலையை முறைப்படுத்த வேண்டும் என்று மேல்நாட்டார் யோசித்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். 1907-ல் பாஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில், கற்பிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'டோசண்ட்' என்று ஒரு பெயரை எடுத்து, பார்வையாளர்களோடு கூடவே நடந்து விளக்கம் சொல்லுகிறவர்களை நியமித்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு 1912-ல் ஒரு வழிகாட்டி வந்தார். சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிற தொண்டர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது எழும்பூரைப் பற்றியும் இல்லை, லண்டனைப் பற்றியும் இல்லை. எங்கள் விழுப்புரம் ஜில்லாவில், கூரையும் சுவரும் கண்ணாடிப் பெட்டியும் இல்லாமல் ஒரு செத்த காலேஜ் இருக்கிறது. அதற்கு வாய்த்திருக்கிற வாத்தியார்களைப் பற்றியும், அவர்களுக்கு எடுபிடியாக நான் போய்வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற பாதையில் மயிலம் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெற்கே திரும்பினால் திருவக்கரை. சங்கராபரணி ஆற்றங்கரை. சம்பந்தர் பாடிய ஸ்தலம். செம்பியன் மாதேவியின் திருப்பணி பெற்ற கோயில். மும்முக லிங்கமாகச் சந்திரமௌலீசுவரர் இருக்கிறார். ஆனால் ஜனங்கள் வருவது பெரும்பாலும் வாசலில் இருக்கிற வக்கிரகாளிக்காக. பௌர்ணமி இரவில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடச் சற்றுத் தள்ளி இருக்கிற செம்மண் மேட்டுக்கு வருவதில்லை. வருகிறவரும், "ஏதோ கல்லாம், காட்டுகிறார்களாம்" என்றுதான் வருவார்.

அங்கே கிடப்பவை மரங்கள். பார்த்தால் மரம், தொட்டால் கல். நேற்றுத்தான் யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டு, வண்டி கொண்டுவரப் போயிருப்பது போலக் கிடக்கும். நார் ஓடுவது தெரியும், கணு தெரியும், சிலவற்றில் வளையங்கள்கூடத் தெரியும். 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளமுள்ள சுமார் 200 மரங்கள், ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிற ஏறக்குறைய 247 ஏக்கர் பூமியில் சிதறியிருக்கின்றன. இவற்றின் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. முட்புதரும் சரளைக் கல்லும் வெயிலும் தவிர வேறு அலங்காரம் கிடையாது.

இந்த இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கல்லூரி மாணவர்களும், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரும் வந்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுகிறார்கள். திண்டிவனத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள். பஸ் செலவு சொந்தம். விழுப்புரத்தில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்த என்னை அந்த ஆசிரியர்தான் இதில் இழுத்துவிட்டார். "நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம், உங்களுக்குக் கதை விட்டுத்தான் பழக்கம். பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். அவர்கள் பதில் தெரியாமல் விழிக்கிற கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டு, விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார்.

எங்கள் தென்னார்க்காட்டுச் சீமையில் தெருக்கூத்துப் பார்க்காதவர் இருக்க முடியாது. கட்டியங்காரன் பேசுவான், துரியோதனன் கிரீடமும் புஜக்கீர்த்தியுமாகச் சுற்றிச் சுற்றி ஆடுவான். அவனுக்குப் பின்னால், மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றுகொண்டு அவன் விட்ட அடியை எடுத்துப் பாடுவார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொள்ள அந்தப் பின்பாட்டுத்தான் இடம் கொடுக்கும். பின்பாட்டுக்காரர் முகத்தில் அரிதாரம் கிடையாது. சபையோர் அவரைப் பார்ப்பதும் இல்லை. எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். என் வயதுக்கும் குரலுக்கும் அது பொருத்தமாகவே இருக்கிறது.

குறிப்பு எழுதுவதற்காகப் பழைய சரித்திரத்தைத் துருவ ஆரம்பித்தேன். இந்த மரங்களைப் பற்றி முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். 1781-ல் என்று சொல்லுகிறார்கள். இயற்கை வரலாற்றில் பித்துப் பிடித்தவர். கிழக்கு இந்தியாவிலும் சீனாவிலும் தாம் செய்த பிரயாணத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1782-ல் பாரிஸில் வெளிவந்தது. நல்லது, அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. நான் வேறொரு ஆளை நினைத்துப் பார்க்கிறேன். பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரருக்குத் திருவக்கரை முள்காட்டில் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது என்று எப்படித் தெரிந்திருக்கும்? ஆடு மேய்க்கிற பையனோ, ஆற்றங்கரைக் குடியானவரோ, சாமான் சுமந்துபோன ஆளோ, யாரோ ஒருவர், "வாங்க, காட்டறேன்" என்று முன்னால் நடந்திருக்க வேண்டும். முள்ளை ஒதுக்கி, கையை நீட்டி, "இதோ!" என்றிருக்க வேண்டும். திருவக்கரையின் முதல் தொண்டர் வழிகாட்டி அவர்தான். அவருக்கு என்ன கிடைத்ததோ! ஒரு பணமோ, ஒரு முழம் துணியோ, வெறும் தலையசைப்போ. சரித்திரம் அவரைப் பின்பாட்டுக்காரர்களோடு நிறுத்திவிட்டது.

அப்புறம் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். அவர்கள் வாயில் திருவக்கரை 'டிரிவிகரி' ஆயிற்று. சென்னை மியூசியம் பிறந்த அதே 1851-ல்தான் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் பிறந்தது. அந்தத் துறையின் ஹென்றி பிளான்போர்டு 1860-களில் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறைகளைப் பற்றி விஸ்தாரமாக எழுதினார். கல்மரங்கள் கிடக்கிற இந்தச் செந்நிற மணற்கல்லுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். கடலூருக்கு எவ்வளவு பெருமை பாருங்கள்! பிறகு பீர்பல் சாஹ்னி, 1931-ல் இந்தியக் கல்மரங்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் இந்தச் சீமையின் மரத்தையும் சேர்த்துக்கொண்டார். சாஹ்னியைப் பற்றி ஒரு வார்த்தை. லட்சுமணபுரி என்கிற லக்னோவில் கல்லான தாவரங்களுக்கென்றே ஒரு கழகம் ஏற்படுத்தினார். அதன் கட்டடத்துக்கு 1949-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ம் தேதி நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்தக் கல்லிலேயே உலகத்தின் பல பாகங்களிலிருந்து வந்த கல்லான தாவரத் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் சாஹ்னி காலமாகிவிட்டார். கட்டடத்தை அவர் பார்க்கவில்லை.

1950-களில் சி. ஜி. கே. ராமானுஜம் என்ற விஞ்ஞானி எங்கள் தென்னார்க்காட்டுக் கல்மரங்களைக் கண்ணாடி போல மெல்லிய சீவல்களாக அறுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இது என்ன வேலை என்று நேயர்கள் யோசிக்கலாம். கல்லாகிவிட்டாலும் மரத்தின் உயிரணுக்களின் அமைப்பு, தண்ணீர் ஏறிய குழாய்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. கைரேகையைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற மாதிரி, அந்த ரேகையைப் பார்த்து இது இன்ன குடும்பத்து மரம் என்று சொல்லிவிடுகிறார்கள். இப்படிப் பிடிபட்ட குடும்பங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. கடுக்காயும் மருதும் சேர்ந்த குடும்பம், ஆமணக்குக் குடும்பம், புன்னைக் குடும்பம், குங்கிலியக் குடும்பம், புளியும் கொன்றையும் சேர்ந்த குடும்பம். இவற்றோடு கூம்புக்காய் மரச் சாதியைச் சேர்ந்த ஒன்றும் உண்டு. அந்தச் சாதியில் தென்னிந்தியக் காட்டில் தானாக வளர்கிற மரம் இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில். வெயிலில் காய்கிற இந்த மேட்டிலே நின்றுகொண்டு அதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

1940-ஐ மட்டும் சொல்லிவிட்டு இந்தச் சரித்திரத்தை நிறுத்துகிறேன். திருவக்கரைக் கல்மரங்கள் புவியியல் துறையின் பாதுகாப்பில் வந்த வருஷம் அது. அதே வருஷத்தில்தான் மகாராஜபுரம் சீதாராம கிருஷ்ணன், திருச்சிப் பக்கத்துச் சாத்தனூரில், ஓடைக்கரையில், 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு கல்மரத்தைக் கண்டெடுத்தார். அது திருவக்கரை மரங்களைவிடப் பல மடங்கு பழையது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த அந்தக் கிருஷ்ணன் 1951-ல் புவியியல் துறைக்கே தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டுபோய் நான் கொடுத்தபோது பிள்ளைகள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு வரியைக்கூட அவர்கள் சொல்லவில்லை. பிளான்போர்டும் சாஹ்னியும், ஆறு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிற அம்மாவுக்கு எதற்கு? அவள் கேட்பது, "மரம் எப்படிம்மா கல்லாவும்?" என்பதுதான்.

பெண்பிள்ளை ஒருத்தி, பக்கத்துக் கிராமம், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் இதற்குச் சொன்ன பதிலை நான் குறித்து வைத்திருக்கிறேன். "யக்கா, உங்க பழைய வீட்டுச் சுவர்ல ஒரு செங்கல்ல உருவிட்டு, அதே எடத்துல ஒரு கருங்கல் வெக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. அப்புறம் இன்னொரு செங்கல்லு. இப்படியே எல்லாத்தையும் மாத்திட்டா, சுவர் அதே சுவர்தான், ஆனா ஒரு செங்கல்கூட கிடையாது. மரம் மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடந்தப்ப, மண்ணுத் தண்ணியில கரைஞ்சிருந்த மணல்சத்து அப்படித்தான் உள்ள பூந்து, மரத்த எடுத்துட்டுக் கல்ல வெச்சுது." 'சிலிக்கா' என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நான் மூன்று பக்கம் எழுதியது அந்த நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நாவல் எழுதுகிறவர்கள் சில சமயம் இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் பாடம் கேட்கலாம்.

ஆகையால் குறிப்பு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, அவர்களுக்கு என்ன தேவையோ அதைக் கொண்டுவந்து கொடுப்பது என்று ஆரம்பித்தேன். முதல் தேவை தண்ணீர். குடிக்க மட்டும் இல்லை. காய்ந்த கல்மரத்தின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தால் மங்கிக் கிடந்த நார்க்கோடுகள் சட்டென்று எழுந்து வரும். குழந்தைகள் "ஹா!" என்பார்கள். இரண்டாவது தேவை, உண்மையான மரம். திண்டிவனத்து மரவாடியில் ஒரு புளியந்துண்டை வட்டமாக அறுத்து வாங்கிக்கொண்டு போனேன். மரவாடிக்காரர், "இறைச்சி வெட்டவா சார்?" என்று கேட்டார். கசாப்புக் கடைக்குத்தான் அந்த மாதிரித் துண்டு போகுமாம். அதைக் கல்மரத்தின் பக்கத்தில் வைத்து, "இதைத் தொடு, இப்போ அதைத் தொடு" என்றால் போதும். ஒரு கை சூடாகவும் ஒரு கை சில்லென்றும் இருக்கும். காலை எட்டு மணிக்குச் சொல்லுகிறேன், மத்தியானத்தில் கல்லைத் தொட்டால் கொப்புளம்தான்.

புளியந்துண்டினால் ஒரு சங்கடமும் வந்தது. திண்டிவனம் என்ற பெயரே 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஊரில் திந்திரிணீசுவரர் கோயில் இருக்கிறது. ஒரு பிரமுகர் வந்திருந்தார். துண்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், புளிக் குடும்பத்து மரமும் இங்கே உண்டு என்று கேட்டார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் இரண்டு கோடி வருஷமாக இங்கே புளியங்காடு! ஊர்ப் பெயருக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? இதை ஒரு பலகையில் எழுதுங்கள், செலவு என்னுடையது" என்றார். அழகான யோசனை. கதாசிரியன் என்ற முறையில் என் நாக்கில்கூட ஜலம் ஊறியது. பையன் ஒருவன் மெதுவாக, "சார், குடும்பம் ஒண்ணுதான், மரம் வேற. நாம சாப்பிடற புளிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கான்னு சொல்றாங்க. அது மனுஷனோட வந்தது" என்றான். பிரமுகருக்கு இது ரசிக்கவில்லை. பலகையும் வரவில்லை. எங்களுக்கு அப்போது ஒரு பலகை மிகவும் தேவையாயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பையன் செய்தது சரி. பொய்யை ஒரு தடவை பலகையில் எழுதிவிட்டால் அதுவும் கல்லாகிவிடும். அப்புறம் யார் அதைப் பெயர்ப்பது?

இதைவிடக் கடினமான சங்கடம் ஒரு பௌர்ணமி மறுநாள் வந்தது.

வக்கிராசுரனைப் பெருமாள் சம்ஹாரம் செய்தார், அவன் தங்கை துன்முகியைக் காளி சம்ஹாரம் செய்தாள் என்பது தலபுராணம். இந்த மேட்டில் கிடப்பவையெல்லாம் அந்த அசுரனுடைய எலும்புகள் என்று சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. துடை எலும்பு போல, முதுகெலும்பு போல. எலும்பு கல்லாயிற்று என்பதற்கும் மரம் கல்லாயிற்று என்பதற்கும் அப்படி என்ன தூரம்? ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்று இது என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விஞ்ஞானம் பிறகு வந்து, உயிர் சரி, ஆள்தான் வேறு என்றது.

அன்றைக்கு ஒரு கிழவி கோயிலிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்தாள். நான் சொன்ன அந்தப் பெண்பிள்ளைதான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவி முழுதும் கேட்டுவிட்டு, "ஏம் பாப்பா, நீ எந்த ஊரு? உங்க ஆயா உனக்குச் சொல்லலியா இது இன்னான்னு?" என்றாள்.

பெண் சிரித்தாள். "சொல்லியிருக்காங்க ஆயா. வக்கிராசுரன் எலும்புன்னு."

"அப்போ அவங்க சொன்னது பொய்யா?"

நான் புளியந்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். இந்தக் கேள்விக்கு நான் குறிப்பு எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தாலும் அது இந்த இடத்தில் உதவியிராது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் படிப்பு, இன்னொரு பக்கம் அவளைத் தூக்கி வளர்த்த ஆயா. 'மூட நம்பிக்கை' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. படித்தவர்களுக்கு வாயில் தயாராக இருக்கும். அதைச் சொல்லியிருந்தால் கிழவி பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள்.

அவள் சொன்னாள்: "எங்க ஆயா சொன்னதாலதான் சின்ன வயசுல நான் இங்க வந்து பாத்தேன். பாத்ததாலதான் படிச்சேன். படிச்சதுல இது மரம்னு தெரிஞ்சுது. மரம்னு தெரிஞ்சதயும் எங்க ஆயாகிட்டப் போய்ச் சொன்னேன். தண்ணி தெளிக்கறேன், நீயே பாரு ஆயா."

தெளித்தாள். கிழவி குனிந்து பார்த்தாள். விறகு பிளந்து ஆயுசைக் கழித்த கை. நாரை அவள் அறியாதவளா? விரலால் தடவிக்கொண்டே போய்க் கணுவில் நிறுத்தினாள். "கெள ஒடிஞ்ச எடம்" என்றாள். ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் ஐந்து பேரில் யாரும் அதுவரை அந்தக் கணுவை யாருக்கும் காட்டியதில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மரமாவே இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன். அசுரன் எலும்புன்னு இருந்த வரிக்கும் ஒருத்தனும் ஒரு துண்ட வூட்டுக்கு எடுத்துக்கினு போவல. யாருக்குத் துணிச்சல் வரும்? இப்போ மரம்னு சொல்லிக் குடுக்கறீங்க. பாத்துக்கினே இருங்க" என்றாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவள் சொன்னது முழுக்கச் சரித்திரமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கிராமத்தில் கல் என்றால் வாசற்படிக்கும் ஆகும், துணி துவைக்கவும் ஆகும். ஆனாலும் பாதுகாப்புச் சட்டமும் வேலியும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலிருந்து இந்த மரங்கள் இங்கே கிடந்திருக்கின்றன. அவற்றுக்கு அந்த அசுரனும் ஒரு காவற்காரனாக இருந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கோடி வருஷத்துக் கல், மெருகேற்றினால் பளிச்சென்று மின்னும் என்று நாம்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். பயம் போனது நல்லதுதான். பயம் இருந்த இடத்தில் வேறென்ன வைத்தோம்? இத்தனை ஏக்கருக்கு எத்தனை காவலர் போடுவார்கள்? ஒரு பெரிய மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. விரல் பருமன் துண்டுகளைத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். நாளுக்கு ஒரு பை என்றால் ஒரு தலைமுறையில் மேடு மொட்டையாகிவிடும்.

இதற்குப் பிறகு பிள்ளைகள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். சுற்றிக் காட்டி முடித்ததும் விளக்கம் சொன்னவர், "சட்டைப் பையிலே ஏதாவது கல் இருந்தா, அது கிடந்த இடத்திலேயே வெச்சுடுங்க. எங்க இருந்ததுன்னு மறந்துபோச்சுன்னா எங்கிட்டச் சொல்லுங்க, சேர்ந்து தேடலாம்" என்பார். திட்டுவதும் இல்லை, பையைச் சோதிப்பதும் இல்லை. முதல் நாளே ஒரு தகப்பனார் அசட்டுச் சிரிப்போடு இரண்டு துண்டை எடுத்து வைத்தார். அவர் மகன் ஏழு துண்டை எடுத்தான். சேர்ந்து தேடுவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியில் பையன் கற்றுக்கொண்டது நாங்கள் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் என்று ஆசிரியர் சொன்னார். அவர் பொதுவாக யாரையும் புகழ மாட்டார்.

தேடுகிறவர்களுக்குக் குடை பிடிப்பது என் வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. கேள்வி நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு நோட்டு நிரம்பி, மூன்றாவது ஓடுகிறது. "இது என்ன விலை போகும்?" என்பது அடிக்கடி வருகிற கேள்வி; அதற்குப் பதில் சொல்வதில்லை என்று தீர்மானம். "இலை எங்கே, கிளை எங்கே, வேர் எங்கே?" என்பது நல்ல கேள்வி. இவை இங்கேயே நின்று வளர்ந்த மரங்கள் அல்ல, பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டவை. வருகிற வழியில் கிளையும் வேரும் போய்விட்டன என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். "இரண்டு கோடி வருஷம் என்று யார் எண்ணினார்கள்?" என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். மரத்தின் மேல் தேதி எழுதியில்லை. அது புதைந்திருந்த மணற்கல்லின் வயதுதான் மரத்தின் வயது, அந்த மணற்கல்லுக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளைப் பார்த்துக் கணிக்கிறார்கள் என்று பையன் சொன்னதும், "அதாவது சந்தர்ப்ப சாட்சியம்" என்று அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

கடைசியாக எழுதியிருப்பது ஒரு சிறுமியின் கேள்வி. மூன்றாம் வகுப்பாம். "இந்த மரத்துல எந்தக் குருவி கூடு கட்டிச்சு?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் பறவைகள் இருந்தன என்று சொல்லலாம். எந்தக் குருவி என்று கேட்கிறாளே! பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். தெரிந்த பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வருவதற்குள் அடுத்த பௌர்ணமி வந்துவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் மரவாடிக்கு வேறு போக வேண்டும். புளியந்துண்டில் கறையான் ஏறிவிட்டது.